சிங்கத்தோல் போர்த்தியவர் அலெக்சாண்டர் இல்லை

பழைய கிரேக்க வெள்ளிக்காசில் சிங்கத்தோல் மாட்டிய முகத்தைப் பார்த்ததும் பலர் 'அலெக்சாண்டர்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஏலப் படங்களுக்குக் கீழேகூட அப்படி எழுதுகிறார்கள். அது கிரேக்கப் புராண வீரர் ஹெராக்ளிஸ். நெமியாவில் அவர் கொன்ற சிங்கத்தின் தோல்தான் அது. தாடைக்குக் கீழே உற்றுப் பாருங்கள், சிங்கத்தின் முன்னங்கால்கள் இரண்டும் முடிச்சுப் போட்டிருக்கும். பின்பக்கம் கிரேக்கக் கடவுள்களின் அரசர் ஸீயஸ் அரியணையில் உட்கார்ந்திருப்பார், நீட்டிய கையில் கழுகு. அவருக்குப் பின்னால் மேலிருந்து கீழே ஓடும் எழுத்துகள் அலெக்சாண்டரின் பெயர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அவர் கி.மு. 323-இல் இறந்த பிறகும் பல நகரங்கள் இதே காசை அடித்தன. அதனால் பெயரை வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள்.

சரி, அலெக்சாண்டரின் முகம்தான் வேண்டுமா? அவருடைய தளபதியாக இருந்து பிறகு அரசரான லைசிமாக்கஸ் வெளியிட்ட காசைத் தேடுங்கள். காதைச் சுற்றி ஆட்டுக்கொம்பு சுருண்டிருக்கும். அது அம்மோன் தெய்வத்தின் அடையாளம். பின்பக்கம் ஏதீனா தேவி, கையில் வெற்றித் தேவதை நைக்கி.

அப்புறம், இறக்கை வைத்த பெகாசஸ் குதிரை இருக்கும் காசெல்லாம் கிரேக்க நகரமான கொரிந்துடையது இல்லை. குதிரையின் வயிற்றுக்குக் கீழே வட்டமும் அதிலிருந்து இறங்கும் கோடும் இருந்தால் கொரிந்து. கூரை மாதிரி 'லாம்டா' என்ற கிரேக்க எழுத்து (Λ) இருந்தால், அதன் குடியேற்ற நகரமான லியூக்காஸ்.