தீயணைக்கும் கேஸ் சிலிண்டர் மாட்டியாயிற்று, அறையில் ஓட்டை இருக்கிறதா?

பாரிமுனையின் பழைய கட்டட மாடிகளில் சர்வர் ரூம், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் எலக்ட்ரிக்கல் பேனல் ரூம். தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வீண். அதனால்தான் வாயுவைப் பீய்ச்சித் தீயணைக்கும் அமைப்பைப் பொருத்துகிறார்கள். சிலிண்டருக்குச் செலவழிப்பவர்கள் அறையைக் கவனிப்பதில்லை.

எஃப்எம்-200 வகை வாயு 10 விநாடிக்குள் அறையில் பரவி, தீயின் வெப்பத்தை உறிஞ்சி அணைக்கிறது. காற்றில் சுமார் 7, 8 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் அந்த அளவு ஏறக்குறைய 10 நிமிடம் நிலைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு குறையாத பொருள் மறுபடி பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் கதவின் அடி இடுக்கு, தரையோரக் கேபிள் துளை வழியாக இறங்கிப் போய்விடும். புது இன்டர்நெட் லைன் இழுக்க வருகிறவர் சுவரில் துளை போட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவார், யாரும் கேட்பதில்லை. கதவில் ஃபேன் பொருத்தி, அறை எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். டக்ட் ஏசியும் சிலிண்டர் வாயுவைப் பீய்ச்சும் முன் தானாக நிற்க வேண்டும். அப்புறம், தடுப்பை எடுத்து அறையைப் பெரிதாக்கினால் பழைய வாயுக் கணக்கு செல்லாது.

விலை குறைவு என்று ஆட்கள் உட்காரும் அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு வாங்குவது ஆபத்து. தீயணைக்க அது குறைந்தது 34 சதவீதம் தேவை. அந்த அளவில் மனிதன் பிழைக்க மாட்டான். ஆளில்லாத பேனல் ரூமில் வைத்தாலும், யாராவது உள்ளே போகுமுன் வால்வைப் பூட்ட வேண்டும்.

சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜ் முள் பச்சையில் நின்றால் எல்லாம் சரி என்றும் நம்ப வேண்டாம். எஃப்எம்-200 சிலிண்டரில் அழுத்தம் தருவது நைட்ரஜன், உள்ளே தீயணைக்கும் வாயு குறைந்திருப்பது முள்ளில் தெரியாமல் போகலாம். எடை போட்டுப் பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று வேறு. கிளாம்ப், வயர் முனைகளில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெயின்ட் வேலைக்காக மேனுவலில் போட்ட தீயணைப்புக் கட்டுப்பாட்டுப் பேனலை ஆட்டோவுக்குத் திருப்ப மறந்த இடங்களும் உண்டு.

மாதவரம் பக்கத்துக் கோடவுனில் பஞ்சுப் பொதிக்கு இந்த வாயு அமைப்பு வேண்டாம். பொதி உள்ளே கனன்றுகொண்டிருக்கும், தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்தான் சரி. யுபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரியிலும் வாயு சுடரை அடக்கலாம், உள்ளே ஏறும் சூட்டை நிறுத்தாது.

சிலிண்டர் வாயுவைப் பீய்ச்சிய பிறகு எட்டிப் பார்க்கக் கதவைத் திறக்காதீர்கள். வாயு அறைக்கு வெளியே போய்விடும். நெருப்பில் பட்ட எஃப்எம்-200-இல் ஒரு பகுதி நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறியும் இருக்கும். எல்லாரையும் வெளியேற்றி 101-க்குச் சொல்லுங்கள். மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்கள் திறக்கட்டும்.