ஐம்பதைத் தாண்டிய குங்ஃபூ: எலும்பில் அடிக்காமல் உள்வலு ஏற்றுவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளி மைதானத்திலோ மொட்டை மாடியிலோ குங்ஃபூ கற்றுக்கொண்டு, அப்புறம் வேலை, கல்யாணம், கடன் என்று விட்டுவிட்டவர்கள் பலர் இப்போது ஐம்பதைத் தாண்டி மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் வாரமே அந்தக் காலத்து மாஸ்டர் செய்யச் சொன்ன அதே சமாசாரத்தில் இறங்கிவிடுகிறார்கள்: முஷ்டி ஊன்றித் தண்டால், முன்கையோடு முன்கை மோதல், கணைக்கால் எலும்பில் பாட்டில் உருட்டுவது, மணல் மூட்டையில் குத்து. இந்த வயதில் நான் வரிசையையே மாற்றச் சொல்வேன். முதலில் நிற்கப் பழகுங்கள், பிறகு மெதுவாக அசையப் பழகுங்கள், உடம்பை உறுதியாக்கும் வேலை கடைசியில், அதுவும் உள்ளங்கைக்கும் கைப்பிடிக்கும் காலுக்கும் மட்டும். எலும்பில் அடிப்பதை மொத்தமாக விட்டுவிடலாம்.

அதற்கு வயது ஒரு காரணம், நம் ஊர்த் தண்ணீர் இன்னொரு காரணம். தாங்கும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892-ல் எழுதினார். தட்டித் தட்டி எலும்பை உறுதியாக்குகிறோம் என்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். விதி சரிதான், ஆனால் ஒரு இடத்தில் பழைய எலும்பு கரைந்து புதியது கட்டி முடிய மூன்று நான்கு மாதம் ஆகும், வயது ஏற ஏறக் கரைவது முந்திக்கொள்ளும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு சில வருடங்கள் அது இன்னும் வேகமாக நடக்கும். தினமும் அடி வாங்கும் எலும்புக்கு அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறைய ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்தது, அப்படியென்றால் இன்று ஐம்பது வயதில் இருக்கும் நம்மில் பலர் வளரும் பருவம் முழுக்க அந்தப் போர் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறோம். பல வருடம் ஃபுளோரைடு ஏறிய எலும்பு தடிமனாகும், ஆனால் நொறுங்கும் தன்மையும் கூடிவிடும். முதுகெலும்பை ஒட்டிய தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து கழுத்தும் இடுப்பும் விறைக்கும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால் எண் நன்றாக இருப்பதாகக்கூடக் காட்டும், அதை நம்பி முன்கை மோதலுக்குப் போனால் விரிசலில் முடியலாம்.

அதனால் ஆரம்பிக்கும் முன் மூன்று அசைவு செய்து பாருங்கள், ஃபுளோரைடால் எலும்பும் பல்லும் கெடும் ஃபுளோரோசிஸ் நோய்க்கான முகாம்களில் செய்யச் சொல்வதும் இவைதான். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவது. தாடையை நெஞ்சில் படும்படி இறக்குவது. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்னந்தலையைத் தொடுவது. சாதாரணக் கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இந்த அசைவுகள் சரியாக வராமல் போகலாம், ஆகவே செய்ய வரவில்லை என்றதும் பயந்துவிட வேண்டாம். ஆனால் மூன்றுமே விறைப்பாக இருந்து, பல்லில் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கறையும் இருந்தால் எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. பிரஷர், சுகர் கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அடி வாங்கும் பயிற்சி எதையும் தொடவே வேண்டாம், சின்ன அடிக்கே உள்ளுக்குள் ரத்தம் கட்டிவிடும்.

சரி, உள்வலு என்றால் என்ன? சீனர்கள் நெய் ஜின் என்பார்கள். தொடாமலே ஆளை விழவைக்கும் வீடியோக்கள் எல்லாம் சீடர்கள் ஒத்துழைப்பில் நடக்கும் கூத்து, அதை விட்டுவிடுங்கள். 1964-ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் புரூஸ் லீ ஒரு அங்குல தூரத்திலிருந்து குத்தி ஒருவரைப் பின்னால் இருந்த நாற்காலியில் போய் விழவைத்ததை நினைத்துப் பாருங்கள். அந்தக் குத்தில் கை நகர்ந்தது கொஞ்சம்தான். பின்கால் தரையை உந்த, இடுப்பு திரும்ப, முதுகு வழியாக அந்த உந்தல் சிதறாமல் முஷ்டிக்கு வந்து சேர்ந்தது. நடுவில் தோள் இறுகினாலோ இடுப்பு பூட்டிக்கொண்டாலோ அந்த விசை அங்கேயே நின்றுவிடும். தரையிலிருந்து கை வரைக்கும் அந்தப் பாதையைத் திறந்து வைப்பதுதான் பயிற்சி. வயதானவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் வயதோடு முதலில் குறையும், ஆனால் உடம்பை ஒழுங்காக அடுக்கி நிற்பதற்கு அந்த வேகம் தேவையில்லை.

அதற்கு ஜான் ஜுவாங் என்ற நிற்கும் பயிற்சியை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. யிசுவான் என்ற முறையை உருவாக்கிய வாங் ஷியாங்ஜாய் (1885–1963) வரிசையாகக் கோத்த அசைவுத் தொகுப்புகளான ஃபார்ம்களை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, நிற்பதையே பயிற்சியின் நடுவில் வைத்தார். செய்முறை இதுதான். பாதங்கள் தோள் அகலத்தில், ஒன்றுக்கொன்று இணையாக. முழங்காலைப் பூட்டாமல் லேசாகத் தளர்த்துங்கள், குதிரை நிலை மாதிரி ஆழமாக இறங்க வேண்டியதில்லை, அந்த ஆழம் இருபது வயதுக்காரர்களுக்கு. உயரமான ஸ்டூலின் விளிம்பில் உட்காரப் போவதாக நினைத்தால் வால் எலும்பு தானாகக் கீழே இறங்கும். உச்சந்தலை மேலே, தாடை சற்று உள்ளே, நாக்கு மேலண்ணத்தில். கைகள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, சாலையோரத்துப் புளியமரம் ஒன்றை லேசாக அணைத்திருப்பது போல வட்டமாக வையுங்கள். முழங்கை எப்போதும் மணிக்கட்டுக்குக் கீழே, தோள் இறங்கி. மூச்சு மூக்கு வழியாகத் தன்பாட்டுக்குப் போகட்டும், அடிவயிறு அசையட்டும். மூச்சை அடக்கவே கூடாது, அடக்கிக்கொண்டு தசையை இறுக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும்.

முதல் வாரம் மூன்று நிமிடம் போதும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள், இருபது நிமிடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவது நிமிடத்திலேயே தோள் எரியும், தொடை நடுங்கும், மூக்கில் எங்கிருந்தோ ஒரு ஈ வந்து உட்காரும். தொடை நடுக்கம் பரவாயில்லை. முழங்கால் மூட்டுக்குள் வலி வந்தால் நிலை தப்பு என்று அர்த்தம், பெரும்பாலும் முட்டி உள்பக்கம் சாய்ந்திருக்கும் அல்லது கால் விரலைத் தாண்டி முன்னால் போயிருக்கும். எடை பாதத்தின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். தலை சுற்றினால் உடனே கையை இறக்கி நாலு அடி நடக்க வேண்டும், அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தங்கிவிடுவதால் வருவது அது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், இடையிடையே எடையை மாற்றி மாற்றி வையுங்கள். சுகரால் பாதம் மரத்துப்போனவர்கள் சுவர் பக்கத்தில் நின்று செய்யுங்கள், வெறுங்காலோடு கல்லும் முள்ளும் உள்ள இடத்தில் நிற்காதீர்கள்.

நேரம் விடியற்காலைதான். சித்திரை, வைகாசியில் தர்மபுரியில் ஏழரைக்கு மேல் வெயிலில் நிற்பது பயிற்சியில் சேர்த்தி இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள், அவர்களுக்கு ஒன்பது மணி வரை ஓடும்.

பத்து நிமிடம் சிரமமில்லாமல் நிற்க வந்த பிறகு ஒரு நண்பரைக் கூப்பிட்டு முன்கையில் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். அவர் தள்ளுவது உங்கள் தோளில் முட்டுகிறதா, இடுப்பில் முட்டுகிறதா, பாதத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று கவனியுங்கள். முட்டும் இடம்தான் இறுகிய இடம், அந்த இடத்தைத் தளர்த்தி மறுபடி தள்ளச் சொல்லுங்கள். எதிர்த்துத் தள்ளத் தோன்றும், தள்ளக் கூடாது. தனியாகப் பயிற்சி செய்பவர்கள் சுவரில் உள்ளங்கையை வைத்து இதையே கொஞ்சம் செய்து பார்க்கலாம், ஆனால் ஆள் இருந்தால் வருகிற தெளிவு சுவரில் வராது.

அடுத்தது அசைவு. நின்ற நிலையிலேயே எடையை வலமும் இடமும் எழுபதுக்கு முப்பது என்று மாற்றுங்கள். பிறகு இடுப்பு திரும்ப, அதனால் கை வட்டமாகச் சுற்ற வேண்டும், தை சி என்ற சீனக் கலையின் சென் பாணியில் சான்சி ஜின் என்று சொல்லும் பயிற்சி இது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இங்கேதான் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். திரும்புவது தொடை இடுப்போடு சேரும் மூட்டில் நடக்க வேண்டும், முட்டி பாதம் காட்டும் திசையிலேயே இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து அதே உணர்வோடு செய்யுங்கள். சில மாதம் கழித்து வெடிப்பாக விசையை விடும் ஃபா ஜின் செய்து பார்க்கலாம், முழு வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசிவரை நீட்டிப் பூட்டாதீர்கள்.

எலும்பில் அடிக்காமல் எலும்புக்கு எப்படிச் சுமை கொடுப்பது? காலால்தான். படி ஏறுங்கள். ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலை, தீர்த்தமலை, கிருஷ்ணகிரிக் கோட்டை மலை என்று நம் பக்கம் படிக்கும் ஏற்றத்துக்கும் பஞ்சமில்லை. ஏறும்போது முழுப் பாதம் பதியட்டும், இறங்கும்போது வேகம் வேண்டாம், முட்டிக்கு அடி இறங்கும்போதுதான். வீட்டில் என்றால் குதிகாலைத் தூக்கி நிதானமாகத் தரையில் இறக்குவது, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து. சீனர்களின் பா துவான் ஜின் என்ற எட்டுப் பயிற்சியில் கடைசியும் இதுதான். ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டையில் அடி வாங்குவதை விடக் குளியலறையில் வழுக்கி விழுவதற்குத்தான் நமக்கு வாய்ப்பு அதிகம். கைப்பிடிக்கு ஈரத் துண்டைப் பிழிவதும், வாய் குறுகிய பானையை விரல் நுனியால் பிடித்துத் தூக்கி நடப்பதும் போதும். பானை காலியாக ஆரம்பித்து, மாதத்துக்குக் கொஞ்சம் மணல் போட்டுக்கொண்டே போங்கள். தசை சீக்கிரம் வலுவாகும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் வலுவாகும், தூக்க முடிகிறதே என்று மணலை அள்ளிப் போட்டால் முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்து மாதக்கணக்கில் போகாது.

சாப்பாட்டில் நமக்குக் குறையில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, ஆனால் புரதம் ஏழு கிராம்தான், களி மட்டும் சாப்பிட்டுத் தசை வராது. கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. களிக்குக் கொள்ளுக் குழம்பு ஊற்றினால் கணக்குச் சரியாகிவிடும். போர் தண்ணீரா காவிரித் தண்ணீரா, வீட்டில் எது வருகிறது என்பதையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை உறுதிக்கு இரும்புக் கை பயிற்சியின் முதல் படியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு அடி சதுரத்தில் கெட்டியான கான்வாஸ் துணியில் பை தைத்து, பச்சைப்பயறு நிரப்பி, இடுப்பு உயரத்தில் ஆடாத ஸ்டூலில் வையுங்கள். சீனாவிலும் ஆரம்பகாரர்களுக்குப் பச்சைப்பயறுதான். கேழ்வரகு போடலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள், வேண்டாம், பொடித் தானியம் இறுகிக் கல்லாகிவிடும். வண்டு விழுந்த பயறாக இருந்தால் வீட்டில் சண்டையும் வராது, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, அதன் எடைக்கே விழ விடுங்கள், வலிந்து அடிக்காதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கையின் அடிப்பகுதி, கையின் ஓரம், அவ்வளவுதான். முஷ்டி மூட்டும் விரல் நுனியும் வேண்டாம், அந்தச் சின்ன மூட்டுகள்தான் சட்டைப் பொத்தான் போட, பேனா பிடிக்க நமக்குத் தேவை. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலையில் விரலை மடக்கினால் விறைப்பாக இருந்தால் அந்த வாரம் விட்டுவிடுங்கள். பயறு மாவாக ஆரம்பித்ததும் மாற்றுங்கள். அடுத்த படி ஜல்லி, அதற்கடுத்து இரும்புக் குண்டு என்று பழைய வரிசை போகும், நாம் பயறிலேயே நின்றுகொள்வோம்.

அடிக்கும் முன்னும் பின்னும் கையைத் தேய்ப்பது கட்டாயம். டிட் டா ஜோ என்ற சீன மூலிகைச் சாராயத் தைலம் ஆன்லைனில் கிடைக்கிறது, சிலவற்றில் விஷ மூலிகை உண்டு, புண்ணில் படக் கூடாது, வாயில் படவே கூடாது, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் வெதுவெதுப்பான நல்லெண்ணெயே போதும், பாதிப் பலன் தேய்ப்பதில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் செய்துகொள்பவர்கள், மசாஜ் செய்பவரிடம் முன்கூட்டியே வயதையும் முதுகு விறைப்பையும் சொல்லிவிடுங்கள்: தோளும் தொடையும் நன்றாக அழுத்தட்டும், கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பதும் முதுகில் ஏறி மிதிப்பதும் வேண்டாம்.