அமெரிக்கத் துப்பாக்கி உரிமை: வாதாடப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சட்டக் கல்லூரி மாணவர்களை மூட் கோர்ட் எனும் மாதிரி வழக்காடு போட்டிக்குத் தயார் செய்கிறேன். அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் (சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிமக்கள் படை தேவை, ஆகவே ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை மீறக் கூடாது என்பது) தலைப்பாக வந்துவிட்டால் போதும், நாங்கள் படித்த காலத்தில் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். திருத்தம் நடைமுறைக்கு வந்த ஆண்டைத் தப்பாகச் சொல்வது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன். (1791, அவ்வளவுதான்.)

திருத்தத்தை மட்டும் படிப்பது

இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். நன்றாகப் பேசக்கூடிய ஒரு மாணவி, "வீட்டுக்குள் திருடன் புகுந்தால் சுடத்தான் இந்த உரிமையை எழுதினார்கள்" என்று ஆரம்பித்தார். நடுவர் கேட்டது ஒரே கேள்வி: "அரசமைப்பின் முதல் உறுப்பின் 8ஆம் பிரிவைப் படித்தீர்களா?" அதோடு அந்த அணி வெளியே.

விஷயமே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. மிலிஷியா, அதாவது மாநிலங்களின் குடிமக்கள் படை. அதை அமைக்கவும், அதற்கு ஆயுதம் தரவும் 1787இல் எழுதிய அரசமைப்பு காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அதிகாரம் கொடுத்தது. அதிகாரிகளை நியமிப்பதும் பயிற்சியும்தான் மாநிலங்களுக்கு மிஞ்சின. மறு ஆண்டு, இந்த அரசமைப்பை ஏற்பதா என்று முடிவெடுக்கக் கூடிய வர்ஜீனியா மாநில மாநாட்டில், அதை எதிர்த்த ஜார்ஜ் மேசன் பயந்தது இதைத்தான்: காங்கிரஸ் ஆயுதம் தராமல் சும்மா இருந்தாலே மிலிஷியா செத்துவிடும், அப்புறம் நிரந்தர ராணுவம் வைத்ததுதான் சட்டம்.

அந்தப் பயத்துக்குப் பதிலாக 1789 ஜூனில் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் இந்தத் திருத்தத்துக்கு ஒரு வரைவு கொண்டுவந்தார். பிறகு வெட்டப்பட்ட ஒரு வரி அதில் உண்டு: மத நம்பிக்கையால் ஆயுதம் ஏந்தத் தயங்குபவரை நேரில் படைச் சேவைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. திருடனைச் சுடுவது பற்றிய சட்டம் என்றால் இந்த வரிக்கு அங்கே என்ன வேலை?

1792 மிலிஷியா சட்டத்தையும் புரட்டுங்கள். 18 முதல் 45 வயதுக்குள் உடல் தகுதியுள்ள வெள்ளைக்கார ஆண் குடிமகன் ஒவ்வொருவரும் துப்பாக்கி, அதன் முனையில் செருகும் கத்தி, உபரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கல், 24 தோட்டா கொள்ளும் பை எல்லாவற்றையும் மிலிஷியா பணிக்காகத் தானே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹெல்லர் தீர்ப்பு மிலிஷியாவைத் தூக்கி எறிந்தது என்பது

2008இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், மிலிஷியாவில் இல்லாத தனிநபருக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பு சொன்னது, சரி. ஆனால் அதை எழுதிய நீதிபதி ஸ்கேலியாவே, மிலிஷியா ஒழிந்துவிடாமல் காக்கவே இந்த உரிமை எழுத்தில் ஏறியது என்கிறார். தற்காப்புக்கான உரிமை அதற்கு முன்பே இருந்தது என்பதுதான் அவர் வாதம். 1689 ஆங்கிலேய உரிமைச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கிறார். நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்போ உரிமையை மிலிஷியாவோடு நிறுத்துகிறது. ஏன் எழுதினார்கள் என்பதில் இருவருக்கும் பெரிய சண்டை கிடையாது, எதுவரை செல்லும் என்பதில்தான். அந்த மாணவி தற்காப்பைப் பேசியிருக்கலாம், இந்த வழியாக வந்திருந்தால்.

அரசை எதிர்த்துக் கலகம் செய்யும் உரிமை என்பது

கலகத்தை அடக்க மிலிஷியாவைக் கூப்பிடலாம் என்பதும் அதே 8ஆம் பிரிவுதான். 1794இல் விஸ்கி வரியை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் மேல் ஜனாதிபதி வாஷிங்டன் மிலிஷியாவைத்தான் ஏவினார்.

மாநிலங்களையும் முதலிலிருந்தே கட்டுப்படுத்தியது என்பது

இல்லை. முதலில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்களுக்கும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2010இல், மெக்டொனால்ட் வழக்கில்தான்.