ஒரே செய்தி, பல வாசல்: மக்கள் தொடர்பில் முதல் அடி எடுத்து வைப்பவர்களுக்கு

1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ஒரு ரயில் தண்ணீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில்வே நிறுவனத்தின் மக்கள் தொடர்பைக் கவனித்துவந்த ஐவி லீ, விபத்தை மூடி மறைக்காமல் தெரிந்த விவரங்களை எழுதிச் செய்தியாளர்களிடம் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. பிரஸ் ரிலீஸின், அதாவது ஒரு நிறுவனம் தானே எழுதி ஊடகங்களுக்குத் தரும் செய்திக் குறிப்பின், கதையை இங்கிருந்துதான் பெரும்பாலும் தொடங்குவார்கள்.

அன்றைக்குச் செய்தி போக ஒரே வாசல்தான், அது நாளிதழ். இன்று அப்படி இல்லை. அமெரிக்க நாளிதழான கிறிஸ்டியன் சயின்ஸ் மானிட்டர் 2009-ல் தினசரி அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. பிரிட்டனின் தி இண்டிபெண்டன்ட் 2016-ல் அச்சையே விட்டது. பல செய்தியறைகளில் ஒரே நிருபர் செய்தி எழுதி, படம் எடுத்து, வீடியோவையும் வெட்டுகிறார். அவருக்கு நேரமே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் செய்யுங்கள்.

படி 1: செய்தியை இரண்டே வரியில் எழுதுங்கள்

ஒரு நூலகம் இரவிலும் திறந்திருக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்கள்: “வாசகர் சேவையில் புதிய மைல்கல்லை எட்டியிருப்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்.” இதைப் படித்த நிருபருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “நூலகம் வரும் 1-ஆம் தேதி முதல் இரவு 11 மணி வரை திறந்திருக்கும். வேலை முடிந்து வரும் வாசகர்கள் கேட்டதால் இந்த மாற்றம்.”

யார், என்ன, எப்போது, ஏன், எல்லாம் வந்துவிட்டது. நாளிதழில் துணுக்காகவும் போடலாம், போனில் வரும் அறிவிப்பாகவும் அனுப்பலாம். ‘பெருமகிழ்ச்சி’யை எந்த ஆசிரியரும் முதல் வேலையாக வெட்டிவிடுவார். நீங்களே வெட்டிவிடுங்கள்.

படி 2: செய்தியை முதலில் உங்கள் இணையதளத்தில் போடுங்கள்

தேதி, தொடர்புக்கு ஒருவரின் பெயர், தொலைபேசி எண் கட்டாயம் இருக்க வேண்டும். எழுத்தைப் படமாக மாற்றிப் போடாதீர்கள், நிருபரால் நகலெடுக்க முடியாது. அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் ஒரு புகைப்படமும், அதில் யார் யார் இருக்கிறார்கள் என்ற குறிப்பும் வையுங்கள். குறிப்பில்லாத படத்தை நல்ல ஆசிரியர் தொடமாட்டார்.

படி 3: ஆளைப் பார்த்து அனுப்புங்கள்

இருநூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடுவது வேலை செய்த மாதிரி தோன்றும், பலன் இருக்காது. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கடைசியாக எழுதிய நான்கைந்து செய்திகளைப் படியுங்கள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். செய்தியைத் தலைப்பு வரியிலேயே சொல்லிவிடுங்கள். கனமான கோப்புகளை இணைக்காமல் லிங்க் கொடுத்தால் போதும்.

நேரத்தையும் பாருங்கள். நாளிதழ் பக்கம் கட்டும் நேரத்தில் அழைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மாத இதழ்களோ பல வாரங்களுக்கு முன்பே திட்டமிடுகின்றன. இணையத்துக்கு எந்த நேரமும் சரி. ‘இன்ன நேரம் வரை வெளியிடாதீர்கள்’ என்று எம்பார்கோ வைப்பதானால், செய்தியை அனுப்பும் முன்பே சம்மதம் கேளுங்கள்.

படி 4: வாசலுக்கு ஏற்ற வடிவம்

வீடியோவில் பேசுபவர் முதல் சில நொடிகளில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பாட்காஸ்டுக்கு அறிவிப்பு போதாது, கதை சொல்லத் தெரிந்த ஒரு நூலகர் வேண்டும். காசு கொடுத்து வெளியிட்டால் அது விளம்பரம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். இதில் சமரசமே வேண்டாம்.

படி 5: தவறு நேர்ந்தால்

முன்பெல்லாம் திருத்தம் மறுநாள் பேப்பரில் வந்தால் போதும். இப்போது தவறான தகவல் சில நிமிடங்களில் ஆயிரம் கைபேசிகளுக்குப் போய்விடும். முழு விவரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். தெரிந்தது இது, இன்னும் உறுதியாகாதது இது, அடுத்த தகவல் இத்தனை மணிக்கு என்று மூன்று வரியில் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், மறுபடி வாருங்கள். பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழிப்பதைவிட, ‘திருத்தப்பட்டது’ என்று நேரத்துடன் போடுவதே நேர்மை. அழித்ததன் ஸ்கிரீன்ஷாட் எப்படியும் யாரிடமாவது இருக்கும்.

படி 6: பலனை அளப்பது

வந்த செய்தி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி ‘இவ்வளவு மதிப்பு’ என்று காட்டும் பழக்கம் இருந்தது. 2010-ல் இத்துறையினர் கூடி வகுத்த பார்சிலோனா கோட்பாடுகள் அதைத் தெளிவாக நிராகரித்தன. அந்தக் கணக்கை விட்டுவிட்டு நூலக வாசலில் நில்லுங்கள். இரவு 8 மணிக்கு மேல் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். “எங்கே பார்த்து வந்தீர்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த அறிவிப்பை எந்த வாசலிலிருந்து தொடங்குவது என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.