பத்து ரெசிஸ்டருக்கு நூலகத்தை ஒருமுறை திறந்தால் போதும்

கிகேட் மென்பொருளில் சர்க்யூட் வரையும்போது, முதல் ரெசிஸ்டரை வைத்த கையோடு அடுத்ததைப் பாகங்களின் நூலகத்தில் தேடி ஓடாதீர்கள். அதன் மேல் சுட்டியை வைத்து ஈ விசையை அழுத்தி, 10கே (10 கிலோ ஓம்) என்ற மதிப்பையும் 0805 ஃபுட்பிரின்ட்டையும் (போர்டில் பாகத்தைப் பற்றவைக்கும் இடத்தின் அமைப்பு; 0805 என்பது அதன் அளவு) நிரப்பிவிடுங்கள். பிறகு கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய இடங்களில் நகல்களை வையுங்கள். நிரப்பிய விவரங்கள் நகலோடு வந்துவிடுவதால், போர்டு வரையப் போகும்போது ஃபுட்பிரின்ட் இல்லையென்ற எச்சரிக்கைகள் வரிசைகட்டி நிற்காது. மதிப்பு மட்டும் மாறுகிறதா? வி விசை இருக்கிறது.

எல்எம்358 போல ஒரே சிப்புக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) இருந்தால் இந்த வழி வேண்டாம். முதல் பாதியை நகலெடுத்தால் அது இன்னொரு சிப்பாகக் கணக்கில் ஏறிவிடலாம். மற்ற பாதியை அதே சிப்பின் இரண்டாம் பகுதியான பி அலகாகத் தனியே வையுங்கள்.