என்.எஃப்.எல். ஒப்பந்தக் கணக்கைப் படிப்பது எப்படி? புதிய ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

டச்டவுன், ஃபீல்டு கோல், நான்காவது டவுன் எல்லாம் ஒரு சீசன் உட்கார்ந்து பார்த்தால் பிடிபட்டுவிடும். அமெரிக்கக் கால்பந்துக்கும் அதன் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லுக்கும் புதிதாக வருபவர்கள் திணறுவது பிப்ரவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்த பிறகுதான். ஆட்டமே இல்லாத அந்த மாதங்களில் ரசிகர்கள் இன்னும் உக்கிரமாக மோதிக்கொள்கிறார்கள். "அவனுக்கு வருஷம் 50 மில்லியனா?", "முதல் ரவுண்டு பிக்கையெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டானுங்களே!", "முதல்ல அந்த ஜெனரல் மேனேஜரை மாத்துங்கப்பா!" ('பிக்' என்பது புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்டில் ஓர் அணிக்குள்ள வாய்ப்பு; ஜெனரல் மேனேஜர், அணிக்கு ஆள் சேர்ப்பவர்.)

இந்தச் சண்டைகளில் முக்கால்வாசி, செய்தித் தலைப்பில் வரும் தொகையை அப்படியே நம்புவதால் வருபவை. அந்தத் தொகை முழுவதும் வீரர் கைக்குப் போய்ச் சேர்வது அபூர்வம். எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: இந்த வீரரை எந்த வருடம், என்ன நஷ்டத்தில் கழற்றிவிட முடியும்? அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், பாதி வாதங்களில் யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கீழே எல்லாத் தொகையும் டாலர் மில்லியனில். 10 மில்லியன் என்றால் 1 கோடி.

படி 1: முதலில் உச்சவரம்பைப் பாருங்கள்

ஐ.பி.எல். ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு பணப்பை இருக்கிறதல்லவா, அதுபோல என்.எஃப்.எல்.லில் 32 அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. ரசிகர்கள் அதை 'கேப்' என்பார்கள். 1994-ல் வந்தது. லீக்கின் வருமானத்தோடு சேர்ந்து இது ஏறும், இறங்கும். கோவிட்டில் மைதானங்கள் காலியாகக் கிடந்ததன் விளைவாக 2021-ல் 182.5-க்கு இறங்கியது. 2025-ல் 279.2.

அதனால் இரண்டு ஒப்பந்தங்களை வெறும் டாலரில் ஒப்பிடாதீர்கள். கையெழுத்தான வருடத்தின் கேப்பில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 2020-ல் கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) பேட்ரிக் மஹோம்ஸ் போட்ட ஒப்பந்த நீட்டிப்பு வருடத்துக்குச் சராசரி 45. அன்றைய கேப் 198.2. ஆக, சுமார் 23 சதவீதம். 2025-ல் சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி வாங்கியது 5 வருடத்துக்கு 265, அதாவது வருடத்துக்கு 53. அது 279.2-ல் 19 சதவீதம். "மஹோம்ஸைவிட பர்டிக்கு அதிகமா?" என்று கொதித்தவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டிருந்தால் பாதி கோபம் அடங்கியிருக்கும்.

படி 2: ஒப்பந்தத்தைப் பிரித்து எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் எளிதாக இருக்க ஒரு கற்பனை ஒப்பந்தம்: 4 வருடம், மொத்தம் 80.

இதில் சைனிங் போனஸ் 24. அடிப்படைச் சம்பளம் முதல் வருடம் 2, பிறகு 14, 18, 22.

சைனிங் போனஸ் வீரருக்கு முன்கூட்டியே கிடைத்துவிடும் பணம். ஆனால் கேப் கணக்கில் அதை ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். அதிகபட்சம் 5 வருடம். இங்கே 24-ஐ நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 6. அதைச் சம்பளத்தோடு கூட்டினால் ஒவ்வொரு வருடத்தின் 'கேப் ஹிட்' வந்துவிடும்: 8, 20, 24, 28. கூட்டிப் பாருங்கள், 80 சரியாக வரும்.

முதல் வருடம் வீரர் கையில் 26 இருக்கிறது, கேப்பிலோ 8-தான். 'கேப்பில் இடமே இல்லை' என்று அழுத அணி மறுநாளே நட்சத்திர வீரரை எடுப்பது இப்படித்தான்.

அடுத்து, கேரண்டி. மற்ற பெரிய அமெரிக்க லீக்குகளில் சம்பளத்துக்குப் பெரும்பாலும் தானாகவே உத்தரவாதம் உண்டு; என்.எஃப்.எல்.லில் கிடையாது. எழுதி வாங்கியது மட்டும்தான் நிச்சயம். நம் ஒப்பந்தத்தில் போனஸும் முதல் இரண்டு வருடச் சம்பளமும் கேரண்டி என்று வைத்துக்கொள்வோம். 24, 2, 14: மொத்தம் 40. மூன்றாம் வருடம் அணி அவரை நீக்கினால், கேப்பில் இன்னும் எழுதாமல் பாக்கியிருக்கும் போனஸ் 12 அப்படியே வந்து உட்காரும். இதுதான் 'டெட் மணி': அணியில் இல்லாத ஆளுக்குக் கேப்பில் விழும் தண்டம். அவரை வைத்துக்கொண்டால் அந்த வருடம் 24, நீக்கினால் 12. மிச்சம் 12.

ஆக, '4 வருடம் 80 மில்லியன்' என்று கொட்டை எழுத்தில் வந்தது உண்மையில் '2 வருடம் 40 மில்லியன், மேற்கொண்டு அணியின் இஷ்டம்'. ஏஜென்டுக்குத் தலைப்புச் செய்தி, அணிக்குத் தப்பிக்கும் வழி. இரண்டு தரப்புக்கும் சந்தோஷம். ஏமாறுவது தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கொதிக்கும் நாம்தான்.

ஓவர் தி கேப், ஸ்போட்ராக் ஆகிய இரண்டு தளங்களில் ஒவ்வொரு வீரருக்கும் இந்தப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்த அணியின் குவார்ட்டர்பேக்கை எடுத்து, மேலே செய்ததுபோல ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். பட்டியலைப் பார்ப்பது வேறு, போட்டுப் பார்ப்பது வேறு.

படி 3: ரீஸ்ட்ரக்சர் என்றதும் கைதட்டாதீர்கள்

இரண்டாம் வருடம் அணிக்குக் கேப்பில் இடம் தேவைப்படுகிறது. அந்த வருடச் சம்பளம் 14-ல் 12-ஐ போனஸாக மாற்றி உடனே கொடுத்துவிடுகிறார்கள். இதுதான் ரீஸ்ட்ரக்சர். வீரருக்கு ஒரு காசு குறையாது. சொல்லப்போனால் பணம் சீக்கிரமே வருகிறது. அந்த 12 மீதமுள்ள மூன்று வருடங்களுக்கு நான்கு நான்காகப் பிரியும். இரண்டாம் வருடக் கேப் ஹிட் 20-லிருந்து 12 ஆகிறது. மூன்றாம் வருடம் 28, நான்காம் வருடம் 32.

இப்போது மறுபடி நம் கேள்வியைக் கேளுங்கள். மூன்றாம் வருடம் நீக்கினால் டெட் மணி 12 அல்ல, 20. மிச்சம் 8-தான். தப்பிக்கும் கதவு பாதி சாத்தப்பட்டுவிட்டது. 'அணிக்காக விட்டுக்கொடுத்தார்' என்று வீரரைப் புகழும் பதிவுகளைக் கண்டால் சிரித்துவிட்டுப் போங்கள். பெரும்பாலும் அவர் எதையும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

ஒப்பந்தக் கடைசியில் ஆடவே போகாத வருடங்களைக் கணக்குக்காக ஒட்டவைத்து, போனஸை அங்கேயும் தள்ளிவிடும் வித்தையும் உண்டு. 'வாய்டு இயர்' என்பார்கள். கணக்கு இதேதான்.

படி 4: மாட்டிக்கொண்டவர்களைப் பாருங்கள்

2022 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ், குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்காக சியாட்டிலுக்கு இரண்டு முதல் ரவுண்டு பிக், இரண்டு இரண்டாம் ரவுண்டு பிக், கூடவே மூன்று வீரர்களையும் கொடுத்தது. அது போதாதென்று, அவர் டென்வருக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே 5 வருடத்துக்கு 245 என்று நீட்டிப்பு. 2024 மார்ச்சில் நீக்கினார்கள். டெட் மணி 85! ஜூன் 1-க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்கு வைக்கும் விதியைப் பிடித்து அதை இரண்டாக உடைத்தார்கள்: 2024-ல் 53, 2025-ல் 32. வில்சன் பிட்ஸ்பர்க்குக்கு ஆடப் போனார். அங்கே அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளமான 1.21 மட்டுமே. மீதியைக் கட்டியது டென்வர்.

எனக்கு அந்த டிரேடைவிட, அதாவது பரிமாற்றத்தைவிட, அவசரப்பட்டுப் போட்ட நீட்டிப்புதான் பெரிய தப்பாகத் தெரிகிறது. பழைய ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் பாக்கி இருந்தது, ஆடவிட்டுப் பார்த்திருக்கலாம்.

அதே 2022-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ், குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்கு 5 வருடம் 230 கொடுத்தது. மொத்தமும் கேரண்டி. அதாவது கதவே கிடையாது. வாங்கியதற்கு மூன்று முதல் ரவுண்டு பிக் விலை வேறு. மோசமான ஒப்பந்தத்துக்கு ரசிகர்கள் இன்றும் காட்டும் உதாரணம் இதுதான்.

படி 5: டிராஃப்ட் பிக்கை விலையாகப் பாருங்கள்

டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் நிகழ்வு. ஏப்ரலில் நடக்கும் அதில் 7 ரவுண்டு. போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. பிக்கின் மதிப்பு வீரரின் திறமையில் மட்டும் இல்லை, அவருடைய மலிவான சம்பளத்திலும் இருக்கிறது. 2010-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு கேரண்டி மட்டுமே 50. அடுத்த வருடம் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்து புதுமுகச் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டது. 2011-ல் முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்குச் சேர்த்தே 22-தான். முதல் ரவுண்டு வீரர் என்றால் ஐந்தாம் வருடத்தையும் முன்பே குறித்த கணக்குப்படி எடுத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு.

பிக்குகளை மாற்றிக்கொள்ளும்போது நியாய விலை பார்க்க, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் அன்றைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் வழங்கும் புள்ளி அட்டவணை 1990-களிலிருந்து புழங்குகிறது. முதல் பிக் 3000 புள்ளி, மூன்றாவது 2200, பன்னிரண்டாவது 1200, முதல் ரவுண்டின் கடைசியான 32-வது 590. அடுத்த வருடத்துப் பிக்கை ஒரு ரவுண்டு இறக்கி மதிப்பிடுவது வழக்கம்.

2021-ல் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ், டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்காக 12-வது பிக்கிலிருந்து 3-வது பிக்குக்கு ஏறியது. இடைவெளி 1000 புள்ளி. அதற்கு 12-வது பிக்கோடு சேர்த்துக் கொடுத்தது 2022, 2023 முதல் ரவுண்டு பிக்குகளும் ஒரு மூன்றாம் ரவுண்டு பிக்கும். வருங்காலப் பிக்கைக் குறைத்து மதிப்பிட்டால் விலை ஏறக்குறைய சரி; முழு மதிப்புப் போட்டால் கொள்ளை. இரண்டு தரப்பும் மணிக்கணக்கில் கத்துவது இந்த ஒரு அனுமானத்துக்காகத்தான். எதிராளி எதைப் போடுகிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: மேலே ஏறுவதைவிடக் கீழே இறங்கிப் பிக்குகளைச் சேர்ப்பது நல்லது. பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்டை ஆராய்ந்து, உச்சியிலுள்ள பிக்குகளுக்கு அணிகள் தகுதிக்கு மீறி விலை கொடுக்கின்றன என்றுதான் எழுதினார்கள்.

உடனே யாராவது லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸைக் காட்டுவார்கள்: 2017 முதல் 2023 வரை முதல் ரவுண்டில் ஒருவரைக்கூட எடுக்காமல் 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார்களே, பிக் எதற்கு? அவர்களுக்காகப் பந்தைப் பிடித்து ஓடிய நட்சத்திரங்களில் கூப்பர் கப் மூன்றாம் ரவுண்டில் எடுத்தவர், பின்னால் வந்த பூக்கா நகூவா ஐந்தாம் ரவுண்டு. பிக்கை மதிக்காதவர்கள் இல்லை அவர்கள். நடு ரவுண்டுகளில் நன்றாகத் தேடியவர்கள்.

படி 6: முடிவையும் விளைவையும் தனித்தனியாக எடைபோடுங்கள்

லான்ஸ் தேறவில்லை. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் ரவுண்டு பிக்குக்கு டல்லாஸுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் 49ர்ஸ் நிர்வாகம் பிழைத்துக்கொண்டது. காரணம், 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-வதாக எடுத்த பிராக் பர்டி. 2023-ல் அவர் சம்பளம் 0.87 மில்லியன். குவார்ட்டர்பேக்கில் மிச்சம் பிடித்த பணத்தால் மற்ற இடங்களில் பெரிய பெயர்களை வைத்துக்கொண்டு சூப்பர் பவுல் வரை போய், கூடுதல் நேரத்தில் கான்சஸ் சிட்டியிடம் 25-22 என்று தோற்றார்கள்.

இதை வைத்து ஜெனரல் மேனேஜர் கெட்டிக்காரர் என்பதா, அதிர்ஷ்டக்காரர் என்பதா? பர்டி இவ்வளவு தூரம் வருவார் என்று தெரிந்திருந்தால் அவர்களே 262 வரை காத்திருக்க மாட்டார்கள். லான்ஸ் முடிவுக்குத் தனி மதிப்பெண், பர்டி முடிவுக்குத் தனி மதிப்பெண். ஜெயித்தால் மேதை, தோற்றால் முட்டாள் என்று பேசுபவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 7: ஒரு பயிற்சி

49ர்ஸ் கொடுத்த அந்த 12-வது பிக் கைமாறிக் கைமாறி டல்லாஸிடம் வந்தது. அதில் அவர்கள் எடுத்தது மைக்கா பார்சன்ஸை, எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் தற்காப்பு வீரர். 2025-ல் அவர் ஐந்தாம் வருட ஆப்ஷனில் (படி 5-ல் சொன்ன அணியின் உரிமை), சுமார் 24 சம்பளத்தில் இருந்தார். அந்த மார்ச்சில் அதே வேலை செய்யும் மைல்ஸ் காரெட் வருடத்துக்கு 40 வாங்கினார், ஜூலையில் டி.ஜே. வாட் 41. டல்லாஸில் உரிமையாளரும் ஜெனரல் மேனேஜரும் ஒருவரே, ஜெரி ஜோன்ஸ். ஏஜென்டை ஒதுக்கிவிட்டு வீரரிடம் நேராகப் பேசப் பார்த்தார், பேச்சு முறிந்தது. ஆகஸ்ட் 28 அன்று பார்சன்ஸ் கிரீன் பே அணிக்குப் போனார். டல்லாஸுக்குக் கிடைத்தது இரண்டு முதல் ரவுண்டு பிக்கும் கென்னி கிளார்க் என்ற தற்காப்பு வீரரும். பார்சன்ஸுக்கு 4 வருடம் 188, அதாவது வருடத்துக்கு 47.

தாளை எடுங்கள். 47 என்பது 2025 கேப்பில் எத்தனை சதவீதம்? கிரீன் பே எந்த வருடம் தப்பிக்கலாம், டெட் மணி எவ்வளவு? நன்றாக ஆடும் அணியின் பிக் ரவுண்டின் கடைப்பகுதியில்தான் விழும். அப்படியானால் அந்த இரண்டு பிக்குக்கு அட்டவணை என்ன புள்ளி தருகிறது? அடுத்து, காரெட்டுக்கு முன்பே, அதாவது 2024-லேயே கையெழுத்து வாங்கியிருந்தால் டல்லாஸுக்கு என்ன விலை ஆகியிருக்கும்? 2023-ல் இதே வகை வீரரான நிக் போசா வாங்கிய 34-ஐ அடிப்படையாக வைத்துப் போட்டுப் பாருங்கள். எனக்கு வந்த விடையில் டல்லாஸ் தோற்றது டிரேடில் அல்ல, அதற்கு முந்தைய வருடக் காத்திருப்பில். உங்களுக்கு வேறு வந்தால் கணக்கோடு எழுதுங்கள், பேசுவோம்.