மருத்துவ ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பும் முன் ரெஃபரன்ஸைச் சரி செய்வது எப்படி

ஆய்வை முடித்து, அட்டவணை எல்லாம் போட்டு, கட்டுரை தயார் என்று ஆனபிறகு, கடைசி ராத்திரி உட்கார்ந்து ரெஃபரன்ஸ் (ஆதாரமாகக் காட்டும் கட்டுரைகளின் விவரம்) ஒட்டுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த வாக்கியத்துக்கு ஆதாரம் வேண்டுமோ அந்த வாக்கியத்தை எழுதும்போதே ரெஃபரன்ஸையும் சேர்த்துவிடுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், கையில் கிடைத்த ஏதோ ஒரு கட்டுரை அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் வேலை, நீங்கள் அனுப்பப்போகும் ஜர்னலில் கட்டுரை எழுதுகிறவர்களுக்கான வழிமுறைப் பக்கத்தைப் படிப்பது. மருத்துவ ஜர்னல்களில் பெரும்பாலும் வான்கூவர் முறைதான். 1978-ல் கனடாவின் வான்கூவர் நகரில் சில மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் கூடிப் பேசியதில் தொடங்கியது, அந்தக் குழுவைத்தான் இப்போது ஐசிஎம்ஜேஇ (மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) என்கிறோம். முறை எளிது: கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அது 1, அடுத்தது 2, அதே ரெஃபரன்ஸ் மறுபடி வந்தால் பழைய எண்ணே. ஆனால் ஒவ்வொரு ஜர்னலும் சின்னச் சின்னதாக மாற்றி வைத்திருக்கும். எண் சதுர அடைப்புக்குள் வருமா, ஜாமா (அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜர்னல்) மாதிரி வரிக்கு மேலே சின்னதாக வருமா? ஆறு பேருக்கு மேல் எழுதியிருந்தால் ஆறு பெயரும் போட்டுவிட்டு 'எட் ஆல்' (மற்றும் பிறர்) போடுவதா, ஜாமா கேட்பதுபோல் மூன்று பெயரோடு நிறுத்துவதா? வழிமுறையில் தெளிவாக இல்லையென்றால் அந்த ஜர்னலில் இந்த வருஷம் வந்த ஒரு கட்டுரையைத் திறந்து அதன் பட்டியலைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்.

ஒரு நிஜமான உதாரணம் பார்ப்போம். இந்தியாவில் சர்க்கரை நோய்த் தடுப்பு பற்றி எழுதுகிற யாரும் தவிர்க்க முடியாத 2006-ஆம் வருஷக் கட்டுரை ஒன்று இருக்கிறது. அதன் வரி, தமிழ் எழுத்தில் சொன்னால், இப்படி வரும்: ராமச்சந்திரன் ஏ, ஸ்நேகலதா சி, மேரி எஸ், முகேஷ் பி, பாஸ்கர் ஏடி, விஜய் வி. பிறகு கட்டுரைத் தலைப்பு. டயபெட்டோலோஜியா. 2006;49(2):289-97. இனிஷியலுக்குப் புள்ளி இல்லை, பெயர்களுக்கு நடுவே கமா மட்டும், வருஷத்துக்குப் பிறகு அரைப்புள்ளி, இடைவெளியே இல்லாமல் தொகுதி எண், அடைப்பில் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கம். 289-297 என்று முழுசாகப் போடாமல் 289-97. டயபெட்டோலோஜியா, லான்செட் போல ஒரே சொல்லாக இருக்கும் ஜர்னல் பெயரைச் சுருக்கக் கூடாது. நீளப் பெயர் என்றால், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் இருக்கும் சுருக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களாக ஒன்று உண்டாக்க வேண்டாம்.

நம் ஊர்ப் பெயர்களில்தான் குழப்பம் அதிகம். நமக்கு இருப்பது அப்பா பெயரின் இனிஷியலும் சொந்தப் பெயரும். குடும்பப் பெயர் என்று ஒன்று பலருக்கும் கிடையாது. இனிஷியலை விரித்து எழுதுகிறவர்களின் பெயரில் எது கடைசியில் நிற்கிறதோ அதைக் குடும்பப் பெயராக மென்பொருள் எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரே ஆள் ஒரு கட்டுரையில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பதிவாகியிருப்பார். உங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தாலும் திருத்தாதீர்கள். பப்மெட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விடுங்கள், ஏனென்றால் படிக்கிறவர் தேடப்போவது அந்தப் பெயரை வைத்துத்தான்.

எண்களைக் கையால் தட்டச்சு செய்யவே வேண்டாம். நடுவில் ஒரு வாக்கியம் சேர்த்தாலே எல்லாம் மாறிப்போகும். ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வரிசைப்படுத்தும் ஜோட்டேரோ என்ற மென்பொருள் இலவசம், அதை வேர்டோடு இணைத்துவிட்டால் எண்களை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது கொடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையைச் சேர்த்தீர்கள் என்றால், 'வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன்' என்பதை ஒரு மனிதர் பெயராக நினைத்து 'ஆர்கனைசேஷன் டபிள்யூஹெச்' என்று பட்டியலில் சில நேரம் போட்டுவிடும். பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி இரண்டு கட்டத்தை ஒன்றாக்கினால் சரியாகிவிடும். தேசியக் குடும்ப நல ஆய்வு அறிக்கைக்கும் இதையே செய்யுங்கள். அப்புறம் அட்டவணை. அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு எண் எது? அந்த அட்டவணையை உரையில் முதன்முதலாக எங்கே சொல்கிறீர்களோ அந்த இடத்து வரிசைதான். அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்தால் ஜோட்டேரோ அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது, நீங்கள் காட்டும் கட்டுரை நீங்கள் சொல்வதை உண்மையிலேயே சொல்கிறதா என்பது. 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு வாசகர் கடிதம் வந்தது: மருத்துவமனையில் இருந்தபோது ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்று. 2017-ல் அதே ஜர்னலில் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கடிதத்தை 608 இடங்களில் மேற்கோள் காட்டியிருந்தார்கள், அதில் 439 பேர் ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது என்பதற்கே அதை ஆதாரமாக வைத்திருந்தார்கள், அந்த மருந்து பெற்றவர்கள் எல்லாம் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்ற விவரத்தை 491 பேர் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் அத்தனை பேரைக் கொன்ற ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள்களும் ஒரு காரணம் என்றுதான் அவர்கள் எழுதினார்கள். வான்கூவர் முறையில் இதுபோன்றவற்றின் தலைப்புக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'கடிதம்' என்று போடச் சொல்வது சும்மா இல்லை. ஆய்வு வேறு, கடிதம் வேறு என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதனால் இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். மூலத்தைத் திறந்து, முதலில் வரும் ஆய்வுச் சுருக்கத்தோடு நிறுத்தாமல் படித்துவிட்டுப் போடுங்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் இதே கதைதான். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998 லான்செட் கட்டுரை 2010-லேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் திரும்பப் பெற்ற அறிவிப்பின் விவரத்தையும் சேர்த்தே கொடுங்கள். பட்டியலில் அப்படி ஏதாவது இருந்தால் ஜோட்டேரோ சிவப்பில் எச்சரிக்கும், ஆனாலும் அனுப்புகிற அன்று பப்மெட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ப்ரீபிரிண்ட் (ஜர்னலில் வருவதற்கு முன்பே இணையத்தில் போட்ட பிரதி) என்றால் அப்படி என்று குறிக்க வேண்டும், அதற்குள் ஜர்னலில் வந்துவிட்டதென்றால் வந்ததைத்தான் காட்ட வேண்டும். சாட்ஜிபிடி கொடுத்த ரெஃபரன்ஸ் என்றால் ஒவ்வொரு டிஓஐ-யையும் (கட்டுரையின் இணைய அடையாள எண்) திறந்து பாருங்கள்; எழுதியவர் பெயர், ஜர்னல், பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும், ஆனால் சில நேரம் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது.

எல்லாம் முடிந்ததும் கோப்பை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஜோட்டேரோ இணைப்பைத் துண்டித்து வெறும் எழுத்தாக்கி ஜர்னலுக்கு அனுப்புங்கள், மற்றதை இணைப்போடு அப்படியே வைத்திருங்கள். ரிவ்யூவர் (கட்டுரையை மதிப்பிடுகிறவர்) திருத்தம் கேட்டாலும், நிராகரித்து வேறு ஜர்னலுக்கு மாற்ற வேண்டி வந்தாலும், அந்தப் பிரதியில்தான் ஸ்டைலை ஒரு நிமிஷத்தில் மாற்ற முடியும்.